கத்திக்குப் பின் வந்த காத்திருப்பு

மார்பில் கட்டி என்றால் முதலில் ஊசி போட்டுச் சிறிது சதையை எடுத்துப் பார்க்கிறார்கள். கருப்பை வாயில் சந்தேகம் என்றால் வெளிநோயாளிப் பிரிவிலேயே ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். என்ன நோய் என்று தெரிந்த பிறகுதான் கத்தி. சினைப்பையில் வரும் கட்டிக்கு இந்த ஒழுங்கு செல்லாது. அதை ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் நீர் வயிற்றுக்குள் கசியும். அதில் புற்று அணுக்கள் இருந்துவிட்டால், ஓர் உறைக்குள் அடங்கிக் கிடந்த நோயை நாமே பரப்பிவிட்டதாக ஆகும். வயிறெங்கும் பரவிய பிறகு வருபவர்களுக்கு மட்டும் முதலில் சதையோ நீரோ எடுத்துப் பார்ப்பது உண்டு. மற்றவர்களுக்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஓர் ஊகத்தைத்தான் தரும். கட்டியை உடையாமல் முழுதாக வெளியே எடுத்த பிறகே அது சாதாரணக் கட்டியா, வேறு மாதிரியா என்று பார்க்க முடியும். இதனால் சினைப்பை அறுவை செய்துகொண்ட பெண்ணுக்கு ஒரே சமயத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. தையல் ஆறுகிறது, சதைப் பரிசோதனையின் காகிதம் வரவில்லை. இந்தக் காத்திருப்பை நோயின் இயல்பு என்று சிலர் நினைக்கிறார்கள், ஆஸ்பத்திரியின் மெத்தனம் என்று சிலர், தலையெழுத்து என்று பலர். என் வாதம் வேறு. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சினைப்பைக் கட்டியைச் சுற்றிய காத்திருப்பு இருநூறு ஆண்டுகளில் ஒழியவில்லை. சிகிச்சைக்கு முன்னால் இருந்தது சிகிச்சைக்குப் பின்னால் போனது. பிறகு ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வீட்டுக்குப் போனது. சித்தூர், திருப்பதிப் பக்கத்து மருத்துவ வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்த நகர்வு தெளிவாகத் தெரிகிறது.

பழைய வைத்தியத்தில் காத்திருப்பு எங்கே இருந்தது என்பதற்குச் சரக சம்ஹிதையே சாட்சி. பெண்களுக்கு வயிற்றில் திரளும் ரத்த குல்மம் என்ற கட்டியைச் சொல்லும் இடத்தில், பத்தாவது மாதம் கழிந்த பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. காரணம் எளிது. தீட்டு நிற்கிறது, வயிறு பெருக்கிறது, மசக்கைக் குறிகளும் தெரிகின்றன. உள்ளே இருப்பது கட்டியா, பிள்ளையா என்று கைவைத்துச் சொல்ல முடியவில்லை. பத்து மாதம் கடந்தும் பிள்ளை பிறக்கவில்லை என்றால் அது கட்டி. காலத்தையே பரிசோதனைக் கருவியாக வைத்துக்கொண்ட முறை இது, கொஞ்சம் கொடுமையானதும்கூட. அந்தப் பத்து மாதத்தில் அந்தப் பெண்ணுக்குச் சீமந்தம்கூட நடந்திருக்கலாம். இதை நம் வைத்தியத்தின் பின்தங்கல் என்று சொல்லிவிட முடியாது. 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கியில், டான்வில் என்னும் சிற்றூரில், எஃப்ரைம் மெக்டோவல் உலகில் பதிவான முதல் வெற்றிகரமான சினைப்பைக் கட்டி அறுவையைச் செய்தார். அவரிடம் வந்த ஜேன் டாட் கிராஃபோர்டுக்கும் இதே சிக்கல்தான். இரட்டைப் பிள்ளை, நாள் கடந்துவிட்டது என்று மற்றவர்கள் எண்ணியிருந்தார்கள். மெக்டோவல்தான் அது கட்டி என்றார். அந்தப் பெண் சுமார் 60 மைல் குதிரையில் வந்து, மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், மேசைமேல் படுத்தார். எடுத்த கட்டி ஏறத்தாழ 10 கிலோ. ஐந்தாம் நாள் மருத்துவர் போய்ப் பார்த்தபோது அவர் எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாராம். 25 நாளில் வீடு திரும்பினார். அதன் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

இந்தக் கதையில் பெரும்பாலும் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. கட்டியை எடுத்த பிறகு ஜேன் கிராஃபோர்டு எந்தப் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. காய்ச்சல் வராமல், புண் ஆறினால் பிழைத்தாள், அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்த அறுவையின் கேள்வி இதுவாகவே இருந்தது. 1846இல் ஈதர் வந்தது. பிறகு கிருமி நீக்கம் வந்தது. லண்டனில் ஸ்பென்சர் வெல்ஸ் 1858இல் தொடங்கி 1880க்குள் ஆயிரம் சினைப்பை அறுவைகள் செய்து, ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு வெளியிட்டார். அவரிடம் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தார். அன்றைக்கு அது பெரிய சாதனை. பிழைத்தவருக்குக் கட்டி திரும்ப வந்தால் கெட்ட கட்டி, வராவிட்டால் நல்ல கட்டி. பதிலைக் கொண்டுவருவது உடம்புதான். வர ஓராண்டோ ஐந்தாண்டோ ஆகலாம். கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய கட்டிகளும் உண்டு என்பது உண்மை. முடியும் பல்லும் கொழுப்புமாக வரும் டெர்மாய்டு கட்டியை அறுத்துப் பார்த்த எந்த மருத்துவரும் மறக்க மாட்டார். மற்றவற்றில் கண் பல தடவை ஏமாந்தது. மெட்ராஸில் இந்த வைத்தியம் பெண்களை எட்டியதற்குத் தனிக் காரணம் ஒன்று வேண்டியிருந்தது: பெண் மருத்துவர். எழும்பூரில் 1844இலேயே பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. ஆனாலும் ஆண் மருத்துவர் கைபட ஒப்பாத குடும்பங்கள் அங்கே வரவில்லை. 1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் சாதி ஆசாரமும் கோஷாவும் காக்கும் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நிற்பது அதுதான். பின்னாளில் இங்கிலாந்தில் வயிற்று அறுவையில் அவர் பெரும் பெயர் எடுத்தார்.

பதில் உடம்பிலிருந்து காகிதத்துக்கு மாறியது ஜெர்மனியின் ஆய்வுக்கூடங்களில். நோய் அணுவில் இருக்கிறது என்று ஃபிர்கோ 1858இல் வாதிட்டார். அணுவைப் பார்க்க வேண்டுமானால் சதையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவ வேண்டும். வெண்ணெய் போல் நழுவும் பச்சைச் சதையை அப்படிச் சீவ முடியாது. மெழுகில் பதித்துக் கெட்டியாக்கலாம் என்று கண்டார்கள். சீவுவதற்கு மைக்ரோடோம் என்ற எந்திரம் வந்தது. ஹெமடாக்சிலின், இயோசின் என்ற நீலமும் இளஞ்சிவப்புமான இரண்டு சாயங்கள் வந்தன. 1893இல் ஃபிராங்க்பர்ட்டில் ஃபெர்டினாண்ட் பிளூம் ஃபார்மலினைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் விரல் தோல் விறைத்துப்போவதைக் கண்டு, இது சதையை அழுகாமல் இறுக்கிவைக்கும் என்று கண்டுகொண்டார். இன்று திருப்பதியிலோ சித்தூரிலோ அறுவை அரங்கிலிருந்து வெளிவரும் பிளாஸ்டிக் டப்பாவில் மூக்கைத் துளைக்கும் வாடையோடு இருக்கும் திரவம் அதே பிளூமின் திரவம்தான். ஆக 1900க்குள் கருவிகள் எல்லாம் தயார். அந்த நாளிலிருந்துதான் அறுவை முடிந்த பெண்ணுக்கு, ‘பிழைத்தேனா’ என்ற கேள்விக்குப் பின்னால் இரண்டாவது கேள்வி ஒன்று முளைத்தது. அறுவை பாதுகாப்பாக மாற மாற முதல் கேள்வி சுருங்கியது, இரண்டாவது பெருத்தது.

இனி நம் ஊருக்கு வரலாம். சித்தூர் மாவட்டம் என்று ஒன்று 1911 ஏப்ரல் 1 வரை கிடையாது. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களை எடுத்து, ஜமீன் பகுதிகளையும் சேர்த்து அதை உருவாக்கினார்கள். சித்தூரும் சந்திரகிரியும் அதுவரை வேலூரோடு ஒரே மாவட்டம். 1891இல் விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தர்மாவரம் போகும் மீட்டர்கேஜ் பாதை திறந்தது; திருப்பதிக் கிளையும் பாகாலாவில் வந்து சேர்ந்தது. மலைக்குப் போகும் பக்தருக்காக என்று நாம் நினைக்கும் இந்த ரயில், எதிர்த் திசையில் நோயாளியையும் ஏற்றிக்கொண்டு போனது. காட்பாடியில் இறங்கினால் வேலூர். அங்கே 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியம், 1902இல் 40 படுக்கை கொண்ட பெண்கள் ஆஸ்பத்திரியாகவும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. ஐடாவின் மாட்டு வண்டியும் பிறகு மோட்டாரும் குடியாத்தம் சாலையில் மரத்தடி வைத்தியம் செய்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாலை வைத்தியத்தில் புண்ணைக் கழுவலாம், கண்ணுக்கு மருந்து போடலாம், பிள்ளைப்பேற்றுக்கு ஆலோசனை சொல்லலாம். வயிற்றைத் திறக்க வேண்டியவரை வண்டியில் ஏற்றி வேலூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். புதிய மாவட்டம் பிறந்த அதே 1911இல் அதன் மறு கோடியில், மதனப்பள்ளியில், ஆற்காடு மிஷன் சார்பில் மேரி லாட் லைல்ஸ் பெண்கள் ஆஸ்பத்திரி வந்தது. திருப்பதிக்குச் சொந்தமாக மருத்துவக் கல்லூரி வர 1960 ஆனது. அதற்கான ரூயா ஆஸ்பத்திரி 1962இல். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1986இல் அடிக்கல் நட்ட ஸ்விம்ஸ் மருத்துவமனை 1993இல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது. டாடா அறக்கட்டளையின் புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதம் திறந்தது. வேலூரும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும்தான் கதி என்று (அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி கட்டியெழுப்பிய அந்த நிலையம் 1954இல் திறந்தது) தெற்கே போய்க்கொண்டிருந்தவர்களுக்கு ஊருக்குள்ளேயே புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வந்து சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆனால் பழைய வேலூர்ப் பயணத்தில் இருந்த ஒரு விஷயம் இன்றைய திருப்பதியில் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வயிற்று அறுவை ஆனவர் இரண்டு மூன்று வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்பது எங்கும் விதி. அசைந்தால் தையல் விடும் என்று அஞ்சினார்கள். படுக்கையும் ஓய்வுமே பெரிய மருந்து என்று நம்பிய காலம் அது; மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் ஃப்ரிமோட் மோலர் என்ற டேனிஷ் மருத்துவர் நடத்திய காசநோய் சானடோரியம் அந்த நம்பிக்கையின் மேலேயே எழுந்தது. வார்டில் மூன்று வாரம் கிடந்தால் ஆய்வுக்கூடத்தின் பதில் வரும்போது நோயாளி அங்கேயே இருப்பார். அறுத்த மருத்துவரே கட்டிலுக்கு வந்து சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான், சீக்கிரம் எழுந்து நடப்பவருக்குக் காலில் ரத்தம் உறைவதும் நுரையீரலில் சளி கட்டுவதும் குறைகிறது என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. ஐந்தாம் நாள் படுக்கையைச் சரிசெய்த ஜேன் கிராஃபோர்டு அன்றே காட்டிய பாடத்தைக் கற்க இத்தனை காலம் பிடித்தது. இன்று வயிற்றைத் திறந்து செய்தால் நான்கைந்து நாளில் வீடு. லேப்ராஸ்கோப்பி என்றால் ஓரிரு நாளில். ஆய்வுக்கூடப் பதில் வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். எளிய கணக்குத்தான்: படுக்கை நாள் குறைந்தது, பதில் நாள் குறையவில்லை, இடைவெளி வீட்டுக்குப் போனது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு நல்ல சீர்திருத்தத்தின் பக்க விளைவு இது.

வீட்டுக்கு வந்த இந்தக் காலத்துக்கு நம் பழக்கத்தில் தனியாக முறை எதுவும் இல்லை. வயிற்றில் புண்ணோடு பெண் படுத்திருப்பதற்கு நாம் அறிந்த ஒரே முன்மாதிரி பிள்ளைப்பேறு. ஆகவே பிள்ளை பெற்றவளுக்கான பத்தியம் அப்படியே இங்கே இடம்பெயர்ந்தது: வயிற்றில் இறுகத் துணி கட்டுவது, பூண்டும் மிளகும் சேர்த்த குழம்பு, வெந்நீர், காற்றுப் படாத அறை. ராயலசீமையில் பருப்புச் சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்ற நம்பிக்கை வலுவானது. தமிழ் வீடுகளில் கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் அந்தப் பழி. புண் ஆறப் புரதம் வேண்டும் என்று மருத்துவர் சொல்ல, புரதம் இருக்கும் பருப்பையே விலக்கிவைக்கும் இந்த வழக்கத்தை விஞ்ஞானம் தெரியாதவர்களின் பிடிவாதம் என்று கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. காகிதம் வரும்வரை குடும்பத்தார் கையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பத்தியம் அவர்களுக்கு ஒரு வேலை தருகிறது. நேர்த்திக்கடனும் அப்படித்தான். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து பூசையறையில் வைத்து ஏழுமலையானுக்கு வேண்டிக்கொள்வது, ‘அது இல்லை’ என்று வந்தால் முடியிறக்குவதாகச் சொல்வது. தேவஸ்தானம் என்ற நிர்வாகம் 1933இல் அமைந்தது. அதற்கு முன்னால், 1843 முதல் மலைக்கோயில் ஹாத்திராம் மடத்து மகந்துகளின் பொறுப்பில் இருந்தது. முடிந்த காசு அதற்கும் முன்பிருந்தே மலையேறிக்கொண்டிருக்கிறது. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்தக் காசுகள் உண்டியலில் சேர்ந்து, தேவஸ்தானத்தின் வழியாக ஸ்விம்ஸ் போன்ற மருத்துவமனைக்கு மானியமாகத் திரும்பி வருகின்றன. ஒரு வீட்டின் காத்திருப்பில் முடிந்த காசு இன்னொரு வீட்டுச் சதையைச் சோதிக்கும் கூடத்துக்குப் போய்ச் சேர்வதை வேண்டிக்கொண்டவர் நினைத்திருக்க மாட்டார்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். கருவிகள் நூறு வயதைக் கடந்துவிட்டன. இன்னும் ஏன் ஒரு வாரம்? தூரமும் சோம்பலும் தவிர வேறென்ன காரணம்? அந்த டப்பாவுக்குள் நடப்பதைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைக்கும். ஃபார்மலின் சதைக்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் ஊறும். தேங்காய் அளவுக் கட்டியை முழுதாகப் போட்டுவைத்தால் வெளியே இறுகி உள்ளே அழுகும். ஆகவே அதை எடை போட்டு, அளந்து, மேற்பரப்பில் மை தடவி, அறுத்து, மறுபடி ஊறவைக்கிறார்கள். பிறகு சந்தேகமான இடங்களிலிருந்து மட்டுமல்ல, கட்டியின் விட்டத்தில் சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் துண்டுகள் எடுப்பது மரபு. 15 சென்டிமீட்டர் கட்டிக்கு 15க்கும் குறையாத துண்டு. அவை ஓர் இரவு முழுக்க எந்திரத்தில் சாராயத்திலும் சைலீனிலும் மெழுகிலும் மாறி மாறிக் கிடக்கும். மறுநாள் மெழுகுக் கட்டிகளை மைக்ரோடோமில் ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவினால், நாடா போல் நீளும்; அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீங்கியதும் கண்ணாடியில் ஏந்தி எடுப்பார்கள். அதன் பிறகு சாயம், அதன் பிறகு கண். இதையெல்லாம் தாண்டி வேகமாகப் பார்க்க வழியில்லையா என்றால், இருக்கிறது. 1905இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லூயி வில்சன், நோயாளி மேசைமேல் இருக்கும்போதே பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சதையை உறைய வைத்துச் சீவி மெதிலீன் நீலச் சாயம் போட்டார். மின்னசோட்டாவின் ஜனவரிக் குளிரில் சன்னலுக்கு வெளியே வைத்தே உறைய வைத்தார் என்று சொல்வார்கள். ஃப்ரோசன் செக்ஷன் என்று இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் நடப்பது அதன் வாரிசு. ஆனால் அரைமணியில் ஓரிரு துண்டைத்தான் பார்க்க முடியும். ஒரு மூலையில் சாதுவாகவும் இன்னொரு மூலையில் கெட்டதாகவும் இருக்கும் குணம், கோழை நிறைந்த பெரிய சினைப்பைக் கட்டிகளுக்கு உண்டு. அங்கே அவசரப் பதில் தவறும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் உறைபதில் வந்த பிறகும் மெழுகுப் பதிலுக்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

தூரம்தான் காரணம் என்பவர்களுக்கும் இந்த மாவட்டமே பதில் தருகிறது. தூரத்தை இங்கே ஒருமுறையல்ல, பலமுறை வென்றிருக்கிறார்கள். 1891இல் ரயில் வென்றது. 2000 மார்ச்சில் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமம் உலகச் செய்தியானது. அப்போலோ நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊரான அங்கே, செயற்கைக்கோள் வழியாகச் சென்னை மருத்துவரோடு பேசும் தொலைமருத்துவ மையத்தை அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கிவைத்தார். இன்று கண்ணாடித் தகட்டையே முழுதாகப் படம் பிடித்து நொடியில் அனுப்பலாம். அப்படியும் காத்திருப்பு ஒழியாததற்குக் காரணம், கேள்வியே பெருத்துக்கொண்டு போவது. ஃபிர்கோ காலத்தில் கேள்விக்கு இரண்டே பதில்: நல்லது, கெட்டது. 1929இல் ஹோவர்ட் டெய்லர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சினைப்பைக் கட்டிகளை விவரித்தார். முப்பது நாற்பது ஆண்டு தயக்கத்துக்குப் பிறகு அவை பார்டர்லைன் என்ற தனி வகுப்பாயின. அதன் பிறகு எந்த அணுவிலிருந்து பிறந்தது என்று பார்க்க இம்யூனோ சாயங்கள் வந்தன. அதற்கு இன்னும் சில நாள். 1994இல் பி.ஆர்.சி.ஏ. மரபணு பிரித்தறியப்பட்ட பிறகு, கெட்ட கட்டி என்று தெரிந்தாலும் அது குடும்பத்தில் இறங்கும் வகையா என்ற கேள்வி சேர்ந்தது, அதற்கு வாரக்கணக்கில். 2014இல் திருத்திய சினைப்பைப் புற்றின் நிலை வகுப்பில், கட்டி தானாக உடைந்ததா, அறுக்கும்போது உடைந்ததா என்பதற்கும் தனித்தனி எண் வந்துவிட்டது. எந்திரம் கொடுத்த நேரத்தையெல்லாம் புதிய கேள்வி எடுத்துக்கொண்டது. இவை வீண் கேள்விகள் அல்ல. நடுவகைக் கட்டி என்று தெரிந்த இளம்பெண்ணுக்கு, பழைய காலத்தில் எடுத்திருக்கக்கூடிய மறு சினைப்பையும் கருப்பையும் பல நேரம் தப்புகின்றன. ஒரு வாரப் பதற்றத்துக்கு ஈடாக ஒரு பிள்ளை கிடைக்கிறது என்றால் அது நஷ்டக் கணக்கு ஆகாது.

அப்படியானால் எல்லாம் நியாயமான தாமதம்தானா? இல்லை. ஆய்வுக்கூடத்துக்குள் நடக்கும் நான்கைந்து நாளுக்கு இருபுறமும் வெளியே சில நாட்கள் தொங்குகின்றன: டப்பா ஆய்வுக்கூடம் போய்ச் சேரும் நாள், காகிதம் நோயாளியிடம் வந்து சேரும் நாள். சிறு ஊர் நர்சிங் ஹோமில் சதை டப்பாவை உறவினர் கையில் கொடுத்து ‘லேபில் கொடுத்துவிடுங்கள்’ என்று அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. பணம் புரட்டும்வரை டப்பா வீட்டில் கிடப்பதும் நடக்கிறது. ஃபார்மலினுக்குப் பதில் சலைனில் போட்டு அனுப்பினால் சதை கெட்டு, காத்திருந்ததே வீணாகும். 2007இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டம் அறுவைக்கும் கீமோவுக்கும் பணம் கொடுத்து ஆந்திரத்து ஏழைக் குடும்பங்களைக் காத்தது உண்மை. அந்தத் திட்டத்தின் வாசலும் இந்தக் காகிதத்தால்தான் திறக்கும். பயாப்ஸி அறிக்கை இல்லாமல் கீமோவுக்கு அனுமதி நகராது. ஆகவே காகிதம் தாமதமானால் மருந்தும் தாமதம். இந்த வெளிநாட்களுக்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. இவை நிர்வாகத்தின் நாட்கள். குறைக்க வேண்டியது இவற்றை.

கடைசியாக வரும் மறுப்புத்தான் கடினமானது. தெரியாமல் இருப்பதும் ஒரு கருணை, பெண்ணிடம் சொல்லாமல் இருந்தால் அவள் நிம்மதியாகத் தேறுவாள், பதில் வருவதில் என்ன அவசரம் என்பார்கள். இது ஏதோ படிக்காதவர்களின் எண்ணமில்லை. மருத்துவர்களே நெடுங்காலம் அப்படி நடந்தார்கள். பயாப்ஸி காகிதம் கணவரிடமோ அண்ணனிடமோ மகனிடமோ போகும். அவர்கள் வராந்தாவில் நின்று படிப்பார்கள். உள்ளே ‘ஒண்ணுமில்லையாம், சும்மா ஊசி போடணுமாம்’ என்ற செய்தி மட்டும் போகும். பெண்ணின் உடம்பை ஆண் பார்க்கக் கூடாது என்று தனி ஆஸ்பத்திரியே கட்டிய சமூகம், அவள் உடம்பைப் பற்றிய செய்தியை மட்டும் ஆணிடமே முதலில் கொடுத்தது விநோதம்தான். இந்தக் கருணைக்குக் கணக்குப் பார்த்தால் நிற்காது. முடி கொட்டும்போது அவளுக்குத் தெரிந்துவிடும். பொய் சொன்னவர்களோடு அந்த நோயைத் தனியாகச் சுமக்க வேண்டியதாகும். அதோடு, சினைப்பைப் புற்றில் குடும்ப மரபு உண்டு என்று தெரிந்த பிறகு அவளிடம் மறைப்பது அவள் தங்கையிடமும் மகளிடமும் மறைப்பதாகிறது. சட்டமும் இதில் தெளிவாகிவிட்டது. 1995இல் டெல்லியில் ஒரு பெண்ணுக்குச் சோதனைக்காக மட்டும் லேப்ராஸ்கோப்பி செய்யப்போய், அவர் மயக்கத்தில் இருக்கும்போது தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் அது செல்லாது என்றது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது. வயது வந்த, சுயநினைவுள்ள பெண்ணுக்காக, உயிர்போகும் அவசரம் இல்லாதபோது, வேறொருவர் சம்மதிக்க முடியாது. சினைப்பையை எடுக்க அவளுடைய ஒப்புதலே வேண்டும் என்றால், எடுத்த சினைப்பையில் என்ன இருந்தது என்ற செய்திக்கும் முதல் உரிமை அவளுடையதுதான். கேட்க விரும்பாத பெண்ணும் உண்டு, ‘என் பிள்ளையிடம் சொல்லுங்கள்’ என்று அவளே சொல்லலாம். சொல்ல வேண்டியவள் அவள். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதி இருக்கும், மாத்திரை வேளை இருக்கும், கீழே ‘எச்.பி.ஈ. ரிப்போர்ட் வர வேண்டும்’ என்று, அந்தச் சதைப் பரிசோதனைக் காகிதத்தைப் பற்றி, ஒரு வரி இருக்கும். எந்தத் தேதி, யார் கையில் என்று கேட்கும் கட்டம் அதில் பெரும்பாலும் இருப்பதில்லை.